எறிய முதல் ஒருக்கால் கேளுங்கள்



இந்த இதழில் நேர்முக விசாரணையைப் பற்றியோ விசாவைப் பற்றியோ எழுதவில்லை. உங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிற பைகளைப் பற்றி எழுதுகிறோம். இதில் எழுத என்ன இருக்கிறது என்று நினைப்பீர்கள். போன பனிக்காலம் வரை நாங்களும் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தோம்.

ஒரு வெள்ளிக்கிழமை பின்னேரம், அலுவலகம் பூட்டுகிற நேரம், ஒரு மகள் தொலைபேசியில் கூப்பிட்டா. தாயும் மகளுமாக எட்டு மாதம் ஒரே ஹொட்டேல் அறையில் இருந்தவர்கள். திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு வான் வரும், வேறு ஊரில் ஒரு வீட்டுக்கு மாற்றுகிறோம் என்று கடிதம் வந்திருக்கிறது. ஆளுக்கு இரண்டு பை என்று சொல்லிவிட்டார்கள். அறையில் பதினொரு பை. "அம்மா ஒண்டையும் எறிய விடுறா இல்லை, நான் என்ன செய்யிறது?" என்று அழுதா. எங்களில் ஒருவர், நல்ல எண்ணத்தோடுதான், "தேவையில்லாததை எறிஞ்சு போடுங்கோ தங்கச்சி, உடுப்பு திரும்ப எடுக்கலாம்" என்று சொன்னார்.

அன்றிரவு தாய் நித்திரையான பிறகு மகள் ஆறு பையைக் கீழே கொண்டுபோய்க் குப்பைத் தொட்டியில் போட்டா. அதில் ஒன்றுக்குள் ஒரு ஐஸ்கிரீம் டப்பா. டப்பாவுக்குள் ஊசி, நூல், பொத்தான், அதற்கும் அடியில் நாலாக மடித்த ஒரு துண்டு. 2009 இல் காணாமல் போன மூத்த மகனுக்காக அந்தத் தாய் கொடுத்த முறைப்பாட்டின் பற்றுச்சீட்டு. சட்டத்தரணி கேட்ட நேரம்தான் அது போனது தெரிய வந்தது. குப்பை வண்டி போய் பத்து நாள். வாக்குமூலத்தில் அந்தத் துண்டைப் பற்றி எழுத முடிந்தது, துண்டைக் காட்ட முடியவில்லை. மகளைப் பிழை சொல்ல எங்களுக்கு வாய் இல்லை. எறியச் சொன்னது நாங்கள்தான். அதனால்தான் இந்தக் கட்டுரை.

எறிய முடியாமல் இருப்பது ஏன்

இளம் ஆட்களுக்கு முதலில் இதை விளங்கப்படுத்த வேண்டும். உங்கள் அம்மாவோ அப்பாவோ மாமியோ சொப்பின் பையை மடித்து மடித்துச் சேர்க்கிறார்கள், ஹொட்டேலில் தருகிற சின்ன ஜாம் பக்கற், சீனி, சவர்க்காரம் எல்லாவற்றையும் சேர்க்கிறார்கள் என்றால் அது பேராசையும் இல்லை, பட்டிக்காட்டுத்தனமும் இல்லை.

1995 ஒக்ரோபர் 30 இரவை வலிகாமத்துச் சனம் மறக்க மாட்டாது. மழைக்குள்ளே, கையில் எடுத்ததை எடுத்துக்கொண்டு நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்கு நடந்தவர்கள் அவர்கள். அலுமாரியும் தையல் மெசினும் கலியாணப் படமும் வீட்டிலேயே நின்றன. வன்னியில் இருந்தவர்கள் 2008, 2009 இல் இடத்துக்கு இடம் மாறும்போது ஒவ்வொரு இடத்திலும் ஒவ்வொரு சாமானை விட்டு, கடைசியில் மெனிக் பாமுக்கு ஒரு பையோடு போனார்கள். வேறு சிலர் படகேறி மண்டபம் முகாமுக்குப் போய், அங்கே இருபது வருடம் சேர்த்ததை விட்டு இங்கே வந்திருக்கிறார்கள். இப்படி வந்த ஒருவருக்கு வெறும் பொலித்தீன் பையும் ஒரு சாமான்தான். அடுத்த முறை ஓடும்போது அது தேவைப்படும் என்று உடம்பு சொல்லுகிறது. இங்கே ஓடத் தேவையில்லை என்று வாயால் சொல்லி அதை மாற்ற முடியாது. அதிலும் எங்கே மாற்றுவார்கள், எப்போது மாற்றுவார்கள் என்று தெரியாத இந்த அகதி வழக்குக் காலத்தில், ஓடத் தேவையில்லை என்பது முழு உண்மையும் இல்லைத்தானே.

கையில் காசு இல்லாததும் ஒரு காரணம். சமைத்துச் சாப்பிடும் வீட்டில் ஒருவருக்கு வாரம் 49.18 பவுண், சாப்பாடு தருகிற இடத்தில் 8.86 பவுண் என்று 2024 ஜனவரியில் வைத்தார்கள். இந்தத் தொகைகள் இடைக்கிடை மாறும், ஆனால் அளவு அந்த அளவுதான். அந்தக் காசில் இருக்கிறவர் ஒரு சவர்க்காரத்தை எறிவாரா?

முதலில் கடுதாசி

எதை எறிவது என்று யோசிக்க முதல், எதை எறியவே கூடாது என்பதை எடுத்து வெளியே வையுங்கள். அறை எவ்வளவு குழம்பிக் கிடந்தாலும் பரவாயில்லை. கடுதாசி ஒரு இடத்துக்கு வந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஒரு தடித்த பிளாஸ்ரிக் கோவை போதும். ஒரு பவுண் கடையில் கிடைக்கும். அதற்குள் போக வேண்டியவை: ஹோம் ஒபிசில் இருந்து வந்த ஒவ்வொரு கடிதமும், சட்டத்தரணியின் கடிதங்களும், விசாரணைப் பதிவின் பிரதியும், பிறப்பு, விவாக, மரண அத்தாட்சிப் பத்திரங்களும், ஊர் அடையாள அட்டையின் பிரதியும், கிராம சேவகர் தந்த கடிதமும், முகாமில் தந்த அட்டைகளும், செஞ்சிலுவைச் சங்கம் தந்த தடுப்புக்காவல் அட்டையும், பொலிசிலோ மனித உரிமை ஆணைக்குழுவிலோ காணாமல் போனோர் அலுவலகத்திலோ கொடுத்த முறைப்பாட்டுத் துண்டுகளும், ஆஸ்பத்திரிக் கொப்பியும். ஊரில் காயத்துக்கு மருந்து கட்டின பழைய கிளினிக் அட்டையைக் கூடக் குப்பை என்று நினைக்காதீர்கள். உடம்பில் உள்ள தழும்பைப் பற்றி மருத்துவர் அறிக்கை எழுதும்போது அது உதவும்.

இனி, பலர் எறிந்துவிடுகிற ஒன்று. ஊரில் இருந்து யாராவது பத்திரங்கள் அனுப்பினால் அது வந்த உறையையும் சேர்த்து வையுங்கள். முத்திரை, திகதி, அனுப்பினவர் பெயர், கூரியர் ஒட்டின துண்டு எல்லாம் அந்த உறையில்தான் இருக்கும். இந்தப் பத்திரம் உங்களிடம் எப்படி வந்தது, எப்போது வந்தது என்று அதிகாரி கேட்பார். பதில் உறையில் இருக்கிறது. உறையைக் கிழிக்காமல் ஓரத்தை வெட்டித் திறந்து, பத்திரத்தோடு சேர்த்தே கோவையில் வையுங்கள்.

ஹோம் ஒபிசில் இருந்தும் நீதிமன்றத்தில் இருந்தும் வருகிற கடிதங்களுக்கும் இது பொருந்தும், ஆனால் வேறு காரணத்துக்காக. இந்த நாட்டில் இருந்துகொண்டு அகதி வழக்கு நிராகரிப்புக்கு மேன்முறையீடு செய்வதற்கு வழமையாக முடிவு அனுப்பப்பட்ட நாளில் இருந்து 14 நாட்கள்தான். நீங்கள் திறந்த நாளில் இருந்து அல்ல. கடிதத்தைக் கண்டாலே நெஞ்சு இடிக்குது, அதனால் திறக்காமல் அலுமாரிக்கு மேலே வைத்தேன் என்று சொன்னவர்களை நாங்கள் கண்டிருக்கிறோம். அந்தப் பயம் எங்களுக்கு விளங்குகிறது. தனியத் திறக்கப் பயமாக இருந்தால் திறக்காமலே எங்களிடம் கொண்டு வாருங்கள், ஆனால் அன்றைக்கே கொண்டு வாருங்கள்.

கோவை முடிந்ததும் ஒவ்வொரு தாளையும் கைத்தொலைபேசியில் படம் எடுத்து உங்கள் ஈமெயிலுக்கே அனுப்பி வையுங்கள். தொலைபேசியில் மட்டும் வைத்தால் அது உடைந்த நாளில் எல்லாம் போய்விடும். ஈமெயில் முகவரியையும் கடவுச்சொல்லையும் ஒரு தாளில் எழுதிப் பத்திரமான இடத்தில் வைக்கலாம். பி.ஆர்.பி அட்டைகள் 2024 டிசம்பர் 31 ஓடு முடிந்து, இப்போது எல்லாம் ஈ-விசா. நாளைக்கு உங்களுக்கு அந்தஸ்துக் கிடைத்தால் அதைப் பார்க்க ஒரு ஈமெயிலும் ஒரு தொலைபேசி இலக்கமும் வேண்டும். மலிவான சிம் கிடைக்குது என்று இலக்கத்தை மாற்றிக்கொண்டே இருக்காதீர்கள். ஏ.ஆர்.சி அட்டையை மட்டும் கோவையில் வைக்க வேண்டாம், அது உங்கள் சட்டைப்பையில் இருக்க வேண்டிய சாமான்.

ஒரு எச்சரிக்கை. பழைய படங்கள் சிலவற்றில் சீருடையோடு ஆட்கள் நிற்கலாம், ஒரு கூட்டம் இருக்கலாம், ஒரு நினைவுநாள் இருக்கலாம். அவற்றை ஊருக்கு வட்ஸ்அப்பில் அனுப்பவோ முகநூலில் போடவோ வேண்டாம். பயந்து கிழிக்கவும் வேண்டாம். சட்டத்தரணியிடம் காட்டி அவர் சொல்வதைக் கேளுங்கள். அதுபோல ஒரு பத்திரம் தொலைந்துவிட்டது என்பதற்காகத் தூதரகத்துக்கு ஓடாதீர்கள். முதலில் சட்டத்தரணியைக் கேளுங்கள். ஹோம் ஒபிசிடம் நீங்கள் கொடுத்த பத்திரத்தின் பிரதி வேண்டும் என்றால், உங்களைப் பற்றி அவர்கள் வைத்திருக்கிற கோவையைக் கேட்டுப் பெற உங்களுக்கு உரிமை இருக்கிறது, காசு கட்டத் தேவையில்லை.

வயதானவரோடு இருந்து பிரிப்பது

கடுதாசி முடிந்த பிறகுதான் மற்றச் சாமான். இதில் எங்களுடைய அனுபவம் இவ்வளவும்: ஒருநாளும் அவர் நித்திரையாக இருக்கும்போது எறியாதீர்கள். அவர் ஜீ.பி யிடம் போன நேரம் பார்த்து எறியாதீர்கள். ஒருமுறை அப்படிச் செய்தால் பிறகு அவர் உங்களை நம்ப மாட்டார். சாமானைத் தலையணைக்குள்ளும் மெத்தைக்குக் கீழேயும் ஒளிக்கத் தொடங்குவார். அப்போது முக்கியமான கடுதாசியும் சேர்ந்து ஒளியும்.

தேத்தண்ணி குடித்து ஆறுதலாக இருக்கிற ஒரு நேரத்தில், ஒரு பையை மட்டும் எடுங்கள். ஒரு நாளைக்கு ஒன்று. அரை மணித்தியாலத்துக்கு மேல் வேண்டாம். எல்லாப் பையையும் ஒரேயடியாகக் கட்டிலில் கொட்டினால் அவருக்கும் தலை சுற்றும், உங்களுக்கும் கோபம் வரும், இரவு படுக்க இடமும் இராது.

படத்தில் தொடங்காதீர்கள். படத்தை எடுத்தால் அன்றைய வேலை அதோடு முடிந்தது. மனம் ஒட்டாத சாமானில் தொடங்குங்கள்: சுப்பர்மார்க்கட் விளம்பரத் தாள், முடிந்த பேனை, ஒற்றைச் சொக்ஸ், திகதி போன மருந்து. மருந்தை மட்டும் குப்பையிலோ மலசலகூடத்திலோ போட வேண்டாம். எந்த மருந்துக்கடையில் கொடுத்தாலும் வாங்கி அழிப்பார்கள். ஊரில் இருந்து கொண்டு வந்த குளிசைகள் என்றால் எறிய முதல் பெட்டியைப் படம் எடுத்து ஜீ.பி யிடம் காட்டுங்கள், அவர் என்ன எடுத்தவர் என்று மருத்துவருக்குத் தெரிய வேண்டும்.

எறிகிற கை அவருடைய கையாக இருக்கட்டும். "இது உங்களுக்கு வேணுமோ?" என்று கேட்டால் "வேணும்" என்றுதான் வரும். யாரைக் கேட்டாலும் அப்படித்தான். "அம்மா, இந்தப் பத்துப் பையில் நல்ல அஞ்சு எது?" என்று கேட்டுப் பாருங்கள். எறிவதை அல்ல, வைத்திருப்பதை அவர் தெரிவு செய்கிறார். இந்த ஒரு கேள்வி மாற்றத்தால் எங்கள் ஆலோசனை நேரத்தில் சண்டை குறைந்ததை நாங்களே கண்டோம்.

சில சாமானுக்குப் பின்னால் கதை இருக்கும். கதையைக் கேளுங்கள். ஒரு ஐயா கைப்பிடி உடைந்த ஒரு குடையை விட மாட்டேன் என்று நின்றார். மகனுக்குப் பொறுமை போய்விட்டது. ஆறுதலாகக் கேட்டபோதுதான் தெரிந்தது, அவர் இந்த நாட்டில் இறங்கின இரண்டாம் நாள், மழையில் நனைந்துகொண்டு பஸ் தரிப்பிடத்தில் நின்றபோது ஒரு வெள்ளைக்காரக் கிழவி கையில் வைத்துவிட்டுப் போன குடை அது. இந்த நாட்டில் யாரும் அவருக்குத் தந்த முதல் சாமான். பிறகு மகன் அதை எறியச் சொல்லவில்லை. நாலு பைக்குள் ஒரு குடைக்கு இடம் இருக்கும்தானே.

படங்களுக்கு வரும்போது ஒரு பென்சிலும் கொண்டு இருங்கள். பின்பக்கத்தில் மெதுவாக எழுதுங்கள்: யார், எந்த ஊர், எந்த வருடம். வயதானவர்களுக்கு மட்டும் தெரிந்த பெயர்கள் இருக்கின்றன. எழுதாவிட்டால் ஒருநாள் அந்தப் படத்தில் இருப்பவர் யாரென்று சொல்ல ஆள் இராது. வழக்கில் குடும்ப உறவைக் காட்டவும் இது உதவும். தொடர்பு விட்டுப் போன உறவினர் படம் கையில் வந்தால், பிரித்தானிய செஞ்சிலுவைச் சங்கம் குடும்பத்தவரைத் தேடித் தரும் சேவையை இலவசமாகச் செய்கிறது என்பதை ஞாபகத்தில் வையுங்கள். உறவினர் யார், எங்கே என்ற விபரத்தை உங்கள் அனுமதி இல்லாமல் மற்றவர்களுக்குக் கொடுக்க மாட்டார்கள்.

சாமி படம், விளக்கு, இறந்தவரின் கண்ணாடி, தாலிக்கொடி சுற்றி வைத்த துணி, இவற்றைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். அவை பயணப் பையில் அல்ல, கைப்பையில் போகிற சாமான்கள்.

சிலவேளை நோயாகவும் இருக்கலாம்

மேலே சொன்னதெல்லாம் சாதாரண மனித சுபாவம். ஆனால் கட்டிலில் படுக்க முடியாமல் கதிரையில் நித்திரை கொள்ளுகிற அளவுக்குச் சாமான் சேர்ந்து, ஒன்றைத் தொட்டாலே நடுங்குகிறார் என்றால் அது வேறு. பொருட்களைச் சேர்த்து விட முடியாமல் போவதை 2013 இல் அமெரிக்க உளமருத்துவர் சங்கம் தன் கையேட்டில் தனி நோயாகச் சேர்த்தது. பின்னர் உலக சுகாதார நிறுவனமும் சேர்த்தது. அதற்கு உதவி இருக்கிறது. அதேபோல, பல்லுச் செட்டைச் சீனிப் போத்தலுக்குள் வைத்துவிட்டு, யாரோ களவெடுத்துவிட்டார்கள் என்று சொல்லத் தொடங்கினால் மறதி நோயின் அறிகுறியாக இருக்கலாம். பேயும் இல்லை, செய்வினையும் இல்லை. இரண்டுக்கும் வாசல் ஜீ.பி தான்.

ஜீ.பி யிடம் பதிய விலாச அத்தாட்சியோ விசாவோ வேண்டியதில்லை. தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லுங்கள், அதற்குக் காசு இல்லை. பேரப்பிள்ளையை மொழிபெயர்க்க விடாதீர்கள். ஒரு பத்து வயதுப் பிள்ளை தன் அம்மம்மாவின் நோயைச் சொல்ல வேண்டிய நிலை நல்லதில்லை, அம்மம்மாவும் உண்மையைச் சொல்ல மாட்டா.

நெருப்பும் எலியும்

இதைச் சுருக்கமாகச் சொல்கிறோம். கதவுக்குப் பின்னால் பை அடுக்க வேண்டாம், நெருப்புப் பிடித்தால் கதவு திறபடாது. ஹீற்றருக்கு மேலே உடுப்புப் போட வேண்டாம். அறைக்குள் கர்ப்பூரமும் சாம்பிராணியும் கொளுத்தினால் புகை மணி அடிக்கும், முழுக் கட்டடமும் இரவு வெளியே நிற்கும். பற்றரியில் எரிகிற சின்ன விளக்கு மலிவாகக் கிடைக்கிறது, கடவுள் கோபிக்க மாட்டார். ஹொட்டேலில் சேர்த்த பாணும் ஜாமும் திறந்தபடி இருந்தால் எலி வரும். மூடி போட்ட டப்பா ஒன்றுக்குள் வையுங்கள், நிரம்பினால் பழையதைச் சாப்பிட்டுவிட்டுப் புதியது. இங்கே வீதியில் கதிரை, மெத்தை கொண்டுபோய் வைப்பது குற்றம். இங்கிலாந்தில் 2023 இல் இருந்து அந்த இடத்திலேயே விதிக்கிற தண்டம் 1000 பவுண் வரை போகலாம். அந்தத் தளபாடம் பெரும்பாலும் உங்களுடையதும் அல்ல, வீடு தந்த நிறுவனத்துடையது. உடைந்தால் மைகிரன்ற் ஹெல்ப் இலவச இலக்கம் 0808 8010 503 க்கு எடுத்துச் சொல்லுங்கள். இரவிலும் எடுப்பார்கள், தமிழ் கேட்கலாம்.

நல்ல உடுப்பு, பாத்திரம், பிள்ளைகளுக்குச் சிறிதான சப்பாத்து என்றால் தொண்டு நிறுவனக் கடைகளில் கொடுக்கலாம். வயதானவர்கள் குப்பையில் போட மறுப்பதை, "இன்னொரு பிள்ளை போடட்டும்" என்றால் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். இது நாங்கள் கண்ட உண்மை.

உறவினர் வீட்டில் இருப்பவர்களுக்கும் ஒரு சொல். எண்பதுகளில் வந்த சித்தப்பா வீட்டில் உங்களுக்குத் தந்த சின்ன அறை முப்பது வருடச் சாமானால் நிரம்பி இருக்கும். உதவி செய்கிறேன் என்று நீங்களாகத் துப்புரவாக்காதீர்கள். அது அவர்களுடைய இடப்பெயர்வு. ஒரு மூலையைக் கேட்டு வாங்கி, அதை மட்டும் உங்களுடையதாக வைத்திருங்கள். உறவினர் வீட்டில் இருந்தாலும், தகுதி இருந்தால் வீடு இல்லாமல் காசு உதவிக்கு மட்டும் விண்ணப்பிக்கலாம் என்பது பலருக்குத் தெரியாது.

இடம் மாறும்போது

எந்த ஊரில் வீடு தருவார்கள் என்பதை நீங்கள் தெரிவு செய்ய முடியாது. மாறச் சொல்லும் கடிதத்துக்கும் வானுக்கும் இடையில் சில நாட்களே இருக்கலாம். அதனால் பயணப் பை எப்போதும் பாதி கட்டின மாதிரி இருக்கட்டும். ஆளுக்கு எத்தனை பை என்று கடிதத்தில் பாருங்கள். சக்கர நாற்காலி, ஒட்சிசன், குழந்தை வண்டி, இன்சுலின் போன்றவை இருந்தால் வான் வர முதலே சொல்லி, சொன்ன ஆளின் பெயரையும் நேரத்தையும் எழுதி வையுங்கள். வைத்தியத்தில் இருக்கிற வயதானவர் என்றால் ஜீ.பி யிடம் ஒரு கடிதம் எடுத்து, இந்த ஊரை விட்டு மாற்றக் கூடாத காரணம் இருந்தால் உடனே எங்களிடமோ சட்டத்தரணியிடமோ வாருங்கள். போகாமல் இருந்துவிட்டுப் பிறகு சொன்னால் உதவிப் பணம் நிற்கலாம். புது விலாசத்தைச் சட்டத்தரணிக்கும் ஹோம் ஒபிசுக்கும் அறிவிக்க வேண்டும். அறிவிக்காமல் கடிதம் தவறினால், நீங்கள் வழக்கைக் கைவிட்டதாக எடுக்கவும் முடியும்.

அகதி அந்தஸ்துக் கிடைத்த பிறகு வருகிற மாற்றம்தான் பெரியது. சந்தோஷமான செய்தியோடு, வீட்டை விட்டுப் போகச் சொல்கிற கடிதமும் வரும். நீண்டகாலமாக அது 28 நாட்கள். 2024 டிசம்பரில் பரீட்சார்த்தமாக 56 நாட்கள் ஆக்கி, 2025 இல் தனி ஆட்களில் பலருக்குத் திரும்பவும் 28 ஆக்கினார்கள். மற்றவருக்கு எத்தனை நாள் கொடுத்தது என்று பார்க்காதீர்கள், உங்கள் கடிதத்தில் உள்ள திகதியைப் பாருங்கள். கடிதம் கிடைத்த கிழமையே கவுன்சிலில் வீடற்றவராகப் பதியப் போங்கள். அங்கே பலரும் கேட்காத ஒன்றைக் கேளுங்கள்: சாமான் வைக்க இடமில்லாமல் அவை அழியும் நிலை இருந்தால், கவுன்சில் உதவ வேண்டிய கடமை உள்ளவர்களின் சாமானைப் பாதுகாக்கவும் இங்கிலாந்தின் 1996 வீடமைப்புச் சட்டம் சொல்கிறது. காசு அறவிடலாம், ஆனால் கேட்கலாம். ஒரு குடும்பம் இது தெரியாமல் தையல் மெசினை வாசலில் விட்டுவிட்டு வந்தது.

"நல்லதையே நினையுங்கோ"

கோயிலிலும் தேவாலயத்திலும் சொந்தக்காரர் வீட்டிலும் உங்களுக்கு இதைச் சொல்லியிருப்பார்கள். உதயமூர்த்தியின் 'எண்ணங்கள்' படித்தவர்கள் தாங்களே தங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். நாங்களும் அதை எதிர்க்கவில்லை. ஆனால் மகன் எங்கே என்று தெரியாத ஒரு தாயிடம், முடிவு எப்போது வரும் என்று தெரியாமல் நாட்காட்டியைப் பார்த்துக்கொண்டிருக்கிற ஒருவரிடம் போய், "நல்லதை நினையுங்கோ, எல்லாம் சரியாகும்" என்றால், அவர் தன் துக்கத்தையும் ஒரு பிழை என்று நினைக்கத் தொடங்குகிறார். ஏற்கெனவே பாரம் தூக்குகிறவருக்கு மேலே இன்னொரு பை வைக்கிற வேலை அது.

எங்கள் கண்ணுக்கு முன்னால் உதவினது சின்னச் சின்ன விஷயம்தான். வழக்கு உங்கள் கையில் இல்லை. வீடு உங்கள் கையில் இல்லை. ஆனால் இந்த மேசையின் இந்த இழுப்பறை உங்கள் கையில் இருக்கிறது. அதை இன்றைக்குத் துடைத்து அடுக்கினால், இன்றைக்கு ஒரு விஷயம் நீங்கள் நினைத்தபடி நடந்தது. இப்படிப் பேசினால் சிரிக்கிறவர்களும் இருக்கிறார்கள், பரவாயில்லை. வேலை செய்ய அனுமதி இல்லாமல் மாதக்கணக்கில் இருக்கிற ஒரு ஆம்பிளைக்குக் காலையில் எழும்ப ஒரு காரணம் வேண்டும். தொண்டு நிறுவனம் ஒன்றில் சம்பளமில்லாத் தொண்டராக நிற்கலாம், அதற்குத் தடை இல்லை. முன்பு சொன்ன குடை ஐயா இப்போது கிழமையில் இரண்டு நாள் ஒரு தொண்டுக் கடையில் உடுப்புப் பிரிக்கிறார். எது விற்கும், எது விற்காது என்று எங்களுக்கே வகுப்பு எடுக்கிறார்.

துக்கம் அப்படியும் குறையவில்லை, நித்திரை வருவதில்லை, பழைய சத்தங்கள் கேட்கின்றன என்றால் ஜீ.பி யிடம் சொல்லுங்கள். சித்திரவதைக்கு உள்ளானவர்களுக்காக 1985 இல் தொடங்கிய மருத்துவ அமைப்பு ஒன்று இப்போது பிரீடம் புரொம் டோர்ச்சர் என்ற பெயரில் இயங்குகிறது. மருத்துவரோ சட்டத்தரணியோ உங்களைப் பற்றி அங்கே எழுதலாம். உயிரை விடலாம் போல் ஒரு எண்ணம் வந்தால் சமரிட்டன்ஸ் இலக்கம் 116 123, இரவு பகலாக, இலவசம். உயிருக்கு உடனே ஆபத்து என்றால் 999. ஆங்கிலம் வராவிட்டாலும் "தமிழ்" என்ற ஒரு சொல்லைச் சொல்லுங்கள், மற்றதை அவர்கள் பார்ப்பார்கள்.

எழுத்தில் எல்லாம் சொல்ல முடியாது, ஒவ்வொருவருடைய வழக்கும் வேறு. அடுத்த முறை ஆலோசனை நேரத்துக்கு வரும்போது வீட்டில் இருக்கிற கடுதாசிப் பையை அப்படியே தூக்கிக்கொண்டு வாருங்கள். பிரிக்க வேண்டாம், அடுக்க வேண்டாம், வெட்கப்பட வேண்டாம். அம்மாவையும் கூட்டி வாருங்கள். தேத்தண்ணி நாங்கள் தருவோம். ஐஸ்கிரீம் டப்பா இருந்தால் அதையும் மறக்காமல் கொண்டு வாங்கோ.